இரண்டு நிமிடத்துக்குள் ஒரு நாய்

ஜூன் 12, புதன்

மூன்றாம் வகுப்புக்குப் பத்து டேப்லெட் வந்திறங்கியிருக்கிறது. பிள்ளைகள் முப்பத்திரண்டு, டேப்லெட் பத்து, சார்ஜர் நான்கு. இந்தக் கணக்கைப் போட்டவரை என் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும்.

பயிற்சி கொடுக்க ஓர் இளைஞர் வந்தார். ஒன்றரை மணி நேரத்தில் அறுபது ஸ்லைடு காட்டினார். பெயர் சொன்னார், நினைவில்லை. எனக்கு அவர் ஸ்லைடுதான். "மேடம், இனிமே நீங்க கதை சொல்ல வேண்டாம். பிள்ளைங்களே படம் வரைஞ்சு, குரல் குடுத்து, வீடியோவா பண்ணிடுவாங்க. நீங்க பக்கத்துல இருந்து வசதி பண்ணிக் குடுத்தா போதும்."

பத்தொன்பது வருடம் தொண்டை வறளக் கதை சொன்னவளுக்கு இனி வசதி பண்ணிக் கொடுக்கும் வேலை. இது பதவி உயர்வா, இறக்கமா? ஸ்லைடில் இல்லை.

ஜூன் 14, வெள்ளி

ஜூலை ஐந்தாம் தேதி பெற்றோர் கூட்டம். மேலிடத்திலிருந்து மூன்று பேர் வந்து எல்லா வகுப்புக் கதைகளுக்கும் மதிப்பெண் போடுவார்களாம். ஒரு கதைக்கு இரண்டே நிமிடம். தாளில் அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள்: உச்சரிப்பு, தொடர்ச்சி, தேவையற்ற இடைவெளி இல்லாமை.

"உங்க கிளாஸ் சரியா வரலைன்னா, அடுத்த வருஷம் உங்களை ஆபீஸ் ரெஜிஸ்டர் பக்கம் போடலாம்னு இருக்கேன்" என்றார் தலைமையாசிரியை, சிரித்துக்கொண்டே. அவர் சிரித்துக்கொண்டே சொன்னது எதுவும் இதுவரை நடக்காமல் போனதில்லை.

ஜூன் 19, புதன்

இன்று குரல் பதிவு. ஒருத்தன் கதையில் டைனோசர் பல் விளக்குகிறது. இன்னொருத்தி கதையில் நிலா காணாமல் போய் பீரோவுக்கு அடியில் கிடைக்கிறது. ஒரு கதையில் நாற்பத்தொரு 'அப்புறம்'. எண்ணினேன்.

பிடித்திருந்தது. இதை ஸ்லைடிடம் சொல்லப் போவதில்லை.

ஜூன் 24, திங்கள்

மூன்று நாளாக வெட்டுகிறேன். எங்கே 'அப்புறம்' வந்தாலும் கை அரிக்கிறது. தும்மலை வெட்டினேன், மூக்கு உறிஞ்சலை வெட்டினேன், "டீச்சர் ஒண்ணுக்கு" என்றதை வெட்டினேன். இத்தனை திறமை எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது.

ஜன்னலோரம் உட்காருகிற பெண்ணின் கதைதான் கழுத்தறுத்தது. நான்கு நிமிடம் பத்து நொடி. அதில் பாதி நேரம் இந்தக் குட்டி மேடம் வாயே திறக்கவில்லை. நின்று நின்று சொல்லியிருக்கிறாள். கதையும் அப்படித்தான்: ஒரு பெண்ணுக்கு நாய் கிடைக்கிறது. 'நாய்க்கு என்ன பேர் வைக்கலாம்னு கேட்டா.' உடனே, 'அந்தப் பேர் நல்லாதான் இருக்கு.' எந்தப் பேர்? யார் சொன்னது? சும்மா இருந்த இடங்களையெல்லாம் நறுக்கித் தள்ளினேன். ஒரு நிமிடம் ஐம்பத்தெட்டு நொடி! பழையதன் மேலேயே சேமித்துவிட்டேன். அவள் நோட்டில் சிவப்பு மையில் எழுதினேன்: 'கதையில் தொடர்ச்சி இல்லை.'

ஜூன் 26, புதன்

வகுப்பில் எல்லாக் கதையையும் போட்டுக் காட்டினேன். மணி அடித்த பிறகு ஜன்னல்காரி மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"டீச்சர், அப்பா பேசுற இடத்தைக் காணோம்."

திருதிருவென்று விழித்தேன். அவள்தான் எனக்குப் பாடம் எடுத்தாள். அப்பா சரக்குக் கப்பலில் சமையல்காரர். போய் எட்டு மாதம். கடலில் பேசினால் பாதியில் அறுந்துவிடும். ஜூலை முதல் வாரம் கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது கதையை அனுப்ப வேண்டும். அதற்கப்புறம் ஒன்றரை மாதம் தண்ணீர்தான். அப்பா கதையை ஓட விட்டு, அவள் நிறுத்துகிற இடத்திலெல்லாம் பதில் சொல்லி, இரண்டு குரலையும் சேர்த்து இன்னொரு போனில் பதிந்து அனுப்புவார். நாய்க்குப் பேர் அவர்தான் வைக்க வேண்டும்.

"பழசு இருக்கா டீச்சர்?"

இல்லை. எவ்வளவு தேடியும் இல்லை.

'தொடர்ச்சி இல்லை' என்று எழுதிய விரலை ஒடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நடுவுல கொஞ்சம் பேச விடணும்ல" என்றார். கல்யாணமான நாளிலிருந்து இதற்குத்தான் காத்திருந்தார் போல.

ஜூன் 27, வியாழன்

மறுபடி சொல்லச் சொன்னேன். "மாட்டேன். நீங்க திரும்பவும் வெட்டுவீங்க."

நியாயம்தானே?

ஜூன் 28, வெள்ளி

வகுப்பு முன்னாலேயே மன்னிப்புக் கேட்டேன். முப்பத்தோரு பேர் வாயைப் பிளந்தார்கள், டீச்சர் தப்புப் பண்ணியதை அவர்கள் பார்த்ததில்லையாம். என்ன பாக்கியம். நோட்டில் நான் சிவப்பு மையில் எழுதியதை அவள் கையாலேயே கோடு போட்டு அடிக்கச் சொன்னேன். ஸ்கேல் வைத்து, நிதானமாக, இரண்டு கோடு போட்டாள்.

பிறகு நிபந்தனைகள் வந்தன. டேப்லெட் அவள் கையில்தான் இருக்கும். அறையில் யாரும் இருக்கக் கூடாது. "நீங்களும்தான் டீச்சர்."

ஜூலை 1, திங்கள்

விளையாட்டுச் சாமான் அறையில், பந்துகளுக்கும் கிழிந்த வலைக்கும் நடுவில் அவள். கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு நான். தலைமையாசிரியை அந்தப் பக்கமாக வந்தார்.

"இங்க என்ன பண்றீங்க?"

"வசதி பண்ணிக் குடுத்துட்டு இருக்கேன் மேடம்."

உள்ளேயிருந்து சத்தம் வரும், நிற்கும், வரும். நிற்கிற ஒவ்வொரு தடவையும் முடிந்துவிட்டது என்று எழுந்தேன். முடியவில்லை. பொறுமை என்று பத்தொன்பது வருடமாகப் பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். நல்ல கையெழுத்து.

நான்கு நிமிடம் முப்பது நொடி. அவள் அம்மா மாலையே கப்பலுக்கு அனுப்பிவிட்டார்.

ஜூலை 5, வெள்ளி

கூட்டத்தில் அவள் கதையை வெட்டாமல்தான் போட்டேன். அவளைக் கேட்டுக்கொண்டுதான். "போடுங்க, ஆனா யாரும் பதில் சொல்லக் கூடாது" என்றாள்.

'நாய்க்கு என்ன பேர் வைக்கலாம்னு கேட்டா.' நிசப்தம். ஸ்லைடு பாய்ந்து வந்து ஸ்பீக்கர் ஒயரை ஆட்டினார். "சவுண்டு போச்சு மேடம்." போகவில்லை, உட்காருங்கள் என்றேன். கொஞ்சம் பலமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, மேலிடத்து மூன்று பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

கடைசிப் பகுதி முதல் பதிவில் இல்லை, இன்றுதான் கேட்டேன். 'அந்த நாய் கேட்டுச்சு, நீங்க எப்ப வருவீங்கன்னு.' திரையில் பழுப்பு நிற நாய், கிரேயானில், காது ஒன்று பெரிது. யாரும் அசையவில்லை. பிறகு, 'சரி, அதுவரைக்கும் நாயை நான் பார்த்துக்கறேன்.'

பக்கத்தில் இருந்த தலைமையாசிரியை கைக்குட்டை எடுத்தார். ஜலதோஷமாம்.

ஜூலை 8, திங்கள்

மதிப்பெண் வந்தது. இடைவெளி இல்லாமை: பூஜ்யம். தொடர்ச்சி: பூஜ்யம். நேரம் மீறியதற்குத் தனியாகக் கழித்திருக்கிறார்கள். மொத்தத்தில் என் வகுப்பு கடைசி. தலைமையாசிரியை சிரித்தார். அடுத்த வருடம் ரெஜிஸ்டர்தான்.

ஜூலை 29, திங்கள்

பதில் இல்லை. அவள் ஒன்றும் சொல்வதில்லை, நான்தான் தினமும் அவள் முகத்தைப் பார்க்கிறேன். துறைமுகத்தில் போய்ச் சேர்ந்ததா? சேராமலே கப்பல் கிளம்பியிருந்தால்? அந்த முதல் பதிவை நான் தொடாமல் இருந்திருந்தால் கப்பல் துறைமுகத்துக்கு வருவதற்கு முன்பே தயாராக இருந்திருக்கும். இதை எந்தப் பட்டனை அழுத்தி வெட்டுவது?

ஆகஸ்ட் 20, செவ்வாய்

வந்துவிட்டது.

காலையில் மணி அடிப்பதற்கு முன்பே அம்மாவின் போனோடு வந்து நின்றாள். "நீங்க கேக்கலாம் டீச்சர்."

அப்பாவின் குரல், பின்னால் எஞ்சின் இரைச்சல். நாய்க்கு 'மிளகு' என்று பேர் வைத்திருக்கிறார். அது என்ன சாப்பிடும், எங்கே படுக்கும், எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறார். அவள் நிறுத்திய இடத்தில் கச்சிதமாக நுழைகிறார், அவள் தொடங்கும்போது நிறுத்திக்கொள்கிறார்.

நாய் எப்ப வருவீங்கன்னு கேட்ட இடத்தில் மட்டும் எஞ்சின் சத்தம்தான் இருக்கிறது. பதினோரு நொடி.

"அங்க அப்பா ஒண்ணும் சொல்லலை" என்றாள். "நம்ம கிளாஸ் டேப்லெட்ல போட்டு வைங்க டீச்சர். அதை வெட்டிடாதீங்க."

போட்டு வைத்தேன். டேப்லெட் கேட்டது, இந்தப் பதிவுக்குப் பேர் என்ன வைக்கலாம் என்று. அவளிடம் கொடுத்துவிட்டு, அவள் எழுதி முடிக்கும்வரை சும்மா இருந்தேன்.