கருநாக்கு வேட்பாளர்

இன்று காலையும் பால் திரிந்துபோனது. குடத்தில் நல்ல தண்ணீர் தீர்ந்திருந்தது. மேரி எழுவதற்குள் காபி போட்டுவிடலாம் என்று கைப்பம்பில் அடித்த தண்ணீரையே பாலில் ஊற்றினேன். கொதி வருவதற்குள் பாத்திரமெங்கும் வெள்ளைத் திட்டுகள். "அந்தத் தண்ணிய அடுப்பாண்ட கொண்டாராதீங்கன்னு எத்தினி தபா சொல்றது" என்று அவள் வந்து பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள். நான் விரலால் ஒரு துளி தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது. உடனே உன் ஞாபகம். குளிக்கும்போதும் வாய் கொப்பளிக்கும்போதும் வருகிற ஞாபகம்தான். இன்று கொஞ்சம் அதிகமாக வந்துவிட்டது.

வருகிற புரட்டாசியோடு நீ போய் ஒரு வருடம். உனக்கு எழுதி எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரியவில்லை. ஆனாலும் போன வாரம் கடையில் ஒன்று நடந்தது. அதைச் சொல்ல உன்னைத் தவிர எனக்கு ஆள் இல்லை.

திருவள்ளூர் பள்ளிக்கூடத்தில் நாம் ஒரே பெஞ்சு. நீ கோயில் தெருப் பிள்ளை. உன் அப்பா சந்நிதியில் தீர்த்தம் கொடுப்பவர். நான் கழனி வேலைக்காரர் மகன், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவன். நீ பொறியியல் படித்து, அரசாங்கத்தில் நிலத்தடி நீரை அளக்கும் வேலைக்குப் போனாய். நான் மீஞ்சூரில் மைக் செட் கடை வைத்தேன். கல்யாணம், காது குத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் என் புனல் ஸ்பீக்கர்கள்தான். அதனால் அரசியல்வாதிகளை உனக்கு முன்பே எனக்குத் தெரியும். யார் பேசினால் கூட்டம் நிற்கும், யார் பேசினால் பீடி பற்றவைக்கக் கலையும் என்பதெல்லாம் எனக்குப் பாடம்.

அறுபதுகளின் நடுவில், நகரத்துக்கும் புதிதாக வந்த ஆலைகளுக்கும் நம் பக்கத்து மண்ணிலிருந்து ஓயாமல் தண்ணீர் இறைக்க ஆரம்பித்தார்கள். நீ சைக்கிளில் ஊர் ஊராகப் போய்க் கிணறுகளில் நாடா விட்டு ஆழம் பார்த்தாய். சின்னப் புட்டிகளில் தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டு விட்டு, உப்பு ஏறியிருக்கிறதா என்று நிறத்தை வைத்துப் பார்ப்பாய். ஒருநாள் என் கடை மேசையில் அந்தப் புட்டிகளை வரிசையாக வைத்தாய். "ஒரு கதவு இருக்குன்னு வெச்சுக்கோ. அந்தண்டை கடல் தள்றது, இந்தண்டை நல்ல தண்ணி தள்ளிப் பிடிச்சிண்டிருக்கு. நாம இந்தண்டை இருக்கறவனை இழுத்துண்டே இருந்தா?" என்றாய். பிறகு எனக்குப் புரிந்ததா என்று என் முகத்தைப் பார்த்தாய். புரிந்தது.

"எழுதிக் குடுத்தேன்டா. படிச்ச அதிகாரிகள் எல்லாரும் சரின்னுட்டா. சரின்னுட்டு அடுத்த மோட்டாருக்குக் கையெழுத்துப் போட்டுட்டா" என்றாய்.

"அத்த நிறுத்த யாருக்குடா அதிகாரம் கீது?"

"ஓட்டு வாங்கினவாளுக்கு."

அங்கேதான் உனக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. சட்டமன்றத்தில் வக்கீல் இருக்கிறார், மிராசுதார் இருக்கிறார், நாடகத்தில் நடித்தவர் இருக்கிறார், தண்ணீர் எங்கிருந்து வருகிறதென்று தெரிந்தவன் ஒருத்தன் உண்டா என்று கேட்டாய். "ஏன் இல்லன்னு மேடையில ஏறினா தெரியும்" என்றேன். நான் கிண்டலுக்குச் சொன்னேன். நீ மறுவாரமே வேலையை ராஜினாமா செய்துவிட்டு வந்து நின்றாய். அரசாங்க உத்தியோகத்தில் இருந்துகொண்டு தேர்தலில் நிற்க முடியாதாம். வீட்டில் ஜானகி உன்னிடம் சண்டை போடவில்லை. "ஜெயிச்சா என்ன பேசறதுன்னு யோசிச்சு வெச்சிருக்கேள். தோத்தா என்ன சாப்பிடறதுன்னு யோசிச்சேளா?" என்று மட்டும் கேட்டாள். உன் அப்பாவோ ஒரே ஒரு யோசனைதான் சொன்னார்: "கேக்கறவாளுக்கு நல்ல வார்த்தை சொல்லிடு. அதுக்கென்ன செலவு?" வாழ்நாள் முழுக்க வரிசையில் நிற்பவர்களிடம் நன்னா இருப்பேள், நன்னா இருப்பேள் என்று சொல்லியே காலம் தள்ளிய மனிதர். அவர் பிள்ளைக்கு அந்த ஒரு வித்தை வரவில்லை.

உனக்குக் கிடைத்த சின்னம் குடை. மழையே ஒழுங்காகப் பெய்யாத தொகுதியில் குடை. மைக் செட்டை நான் சும்மா கொடுத்தேன். ஆனால் உன் பேச்சு மேடைப் பேச்சாகவே இல்லை. "எனக்குத் தெரிஞ்சவரைக்கும்" என்று ஆரம்பிப்பாய். "தோராயமா" என்பாய். கூட்டம் கை தட்டலாமா என்று யோசிக்கிற நேரத்தில் "ஆனா" என்று ஒரு போடு போடுவாய். தட்ட எடுத்த கை அப்படியே இறங்கிவிடும். எதிர்த்து நின்ற செங்கல் சூளைக்காரர் அப்படியா? பாலம் வரும், பள்ளிக்கூடம் வரும், வீட்டுக்கு வீடு குழாய் வரும் என்று அவர் பேச்சில் எல்லாம் வந்துகொண்டே இருக்கும். "டேய், அந்த ஆனாவ மட்டும் வுட்டுட்றா" என்று உன்னிடம் கெஞ்சினேன். "அதை விட்டா மிச்சம் பொய்டா" என்றாய்.

பிறகு கிழக்கே கடலோரத்துக் கடைசி ஊரில் அந்தச் சாயங்காலக் கூட்டம். கன்னியம்மாவை உனக்கு மறந்திருக்காது. பிறர் கழனியில் நாற்று நட்டே வயதானவள். எப்படியோ சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்கி, கிணறும் வெட்டியிருந்தாள். அந்தக் கிணற்றுப் பாசனத்தைப் பார்த்துத்தான் அவள் மகள் அஞ்சலைக்கு எளாவூரில் சம்பந்தம் கூடியிருந்தது. நீ பேசி முடித்ததும் அவள் எழுந்து மேடையருகே வந்து கையைக் கூப்பினாள்.

"சாமி, எங்க கெணத்துல எப்பவும் தண்ணி இருக்கும்னு உன் வாயால ஒரு நல்ல வார்த்த சொல்லு."

அவள் கேட்டது வாழ்த்து. தீர்த்தம் கொடுப்பவர் மகனிடம் வேறென்ன கேட்பார்கள்? நான் ஆம்ப்ளிபயர் பக்கத்தில் நின்றுகொண்டு, இருக்கும்மா என்று சொல்லிவிடேன், சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் உன்னைத் தள்ளினேன். நீ அவளைப் பிரியமாகத்தான் பார்த்தாய். அவளை ஏமாற்றக் கூடாது என்று நினைத்தாய். அதுதான் உன் முகத்தில் இருந்தது.

"தண்ணி இருக்கும்மா. ஆனா உப்பாயிடும். இப்படியே எடுத்துண்டு இருந்தா அஞ்சாறு வருஷத்துல கடல் உங்க கிணத்துக்கு வந்துடும். அதைத் தடுக்கத்தான் ஓட்டுக் கேக்கறேன்."

கடைசி வாக்கியம் யார் காதிலும் விழவில்லை. கன்னியம்மா கூப்பிய கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

அந்தப் பேச்சு நமக்கு முன்னால் எளாவூர் போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளை வீட்டார் தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் கன்னியம்மா என் கடைக்கே வந்தாள். நீ அங்கே துண்டறிக்கை மடித்துக்கொண்டிருந்தாய். அவள் அழவில்லை, திட்டவில்லை. "சாமி, கொஞ்சம் நாக்க நீட்டு" என்றாள். நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். நீ சிரித்தாய். "பாக்கட்டுமேடா. சோதிச்சுப் பாக்கறது நல்லதுதானே" என்று சொல்லி, வெளிச்சத்துக்குத் திரும்பி, நாக்கை நன்றாக நீட்டிக் காட்டினாய். நடுவே மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி.

அவ்வளவு வருடம் பழகி எனக்கே தெரியாத புள்ளி அது. ஆராய வருகிறவருக்கு ஆதாரத்தை மறைக்கக் கூடாது என்பது உன் படிப்பு. ஓட்டுக் கேட்கிறவன் வாயை எதற்குத் திறக்கலாம், எதற்குத் திறக்கக் கூடாது என்பது எங்கள் படிப்பு. கன்னியம்மா பார்த்துவிட்டுப் போனாள். சாயங்காலத்துக்குள் தொகுதியே உன்னைக் கருநாக்குக்காரன் என்றது. நீ சொன்னால் பலித்துவிடும், அதனால் நீ பேசவே கூடாது. நம் பிரசாரக் கார் வந்தால் பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். சூளைக்காரருக்கு அதற்குமேல் வேலையே இல்லை. "நான் நல்ல தண்ணி தர்றேன்றேன். அவுரு உப்புத் தண்ணி தர்றேன்றாரு. உங்களுக்கு எது ஓணும்?" என்றார். அதுவும் என் மைக்கில்தான். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது.

டெபாசிட் போயிற்று. வேலையும் திரும்பக் கிடைக்கவில்லை. பல வருடம் எங்கெங்கோ அலைந்து, கடைசியில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓர் ஆலையில் கொதிகலன் தண்ணீரைப் பரிசோதிக்கும் வேலைக்குப் போனாய். உன்னைப் போன்றவர்கள் ஏன் சட்டமன்றத்தில் இல்லை என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இருக்கிறது. ஜனங்களை முட்டாள் என்று சொல்ல மாட்டேன். வெயிலிலும் கடனிலும் கிடக்கிறவர்கள் ஒரு நல்ல வார்த்தைக்காகக் கூட்டத்துக்கு வருகிறார்கள். அது இல்லாதவனுக்கு அவர்கள் எதற்கு ஓட்டுப் போட வேண்டும்? கேட்டது தப்பில்லை. நீ சொன்னதும் தப்பில்லை. இதற்கு வழி என்னவென்று யோசித்து யோசித்து எனக்கு அலுத்துவிட்டது. வழி இருப்பதாகத் தெரியவில்லை.

நீ சொன்ன கெடுவுக்கு முன்பே கிணறுகள் கரிக்கத் தொடங்கின. முதலில் வெற்றிலைக் கொடி, பிறகு நாற்று, பிறகு தென்னை என்று ஒவ்வொன்றாகப் போயிற்று. அன்றைக்கே சொன்னாரே என்று ஒருவராவது உன்னைத் தேடி வருவார் என்று எதிர்பார்த்தேன். கன்னியம்மா வந்தாள், தேங்காயும் கற்பூரமும் எடுத்துக்கொண்டு. சொன்ன வார்த்தையைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.

"கெணத்தாண்ட வந்து நல்லாய்டும்னு சொல்லிட்டுப் போ சாமி. உன் வாய்தான் கட்டுச்சு, உன் வாய்தான் அவுக்கணும்."

நீ அவளுக்குக் கதவுக் கதையை மறுபடி சொல்லப்போகிறாய் என்று பயந்தேன். நீ சட்டையை மாட்டிக்கொண்டு அவளோடு நடந்தாய், நானும் பின்னாலேயே வந்தேன். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாய். நல்லாயிடும் என்று உன்னால் சொல்ல முடியவில்லை. கடைசியில் குனிந்து, "இந்தத் தண்ணி இனிக்கட்டும்" என்றாய். கணிப்பைச் சொல்லாமல் வெறும் ஆசையை நீ வாய்விட்டுச் சொன்னதை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

தண்ணீர் இனிக்கவில்லை. "கெட்டதுக்குத்தான் பலிக்கிற நாக்கு" என்று முடித்துவிட்டாள் கன்னியம்மா. நிலத்தை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு ஆலை வாசலில் கல் சுமக்கப் போனாள். அந்த வேலையிலேயே உயிரை விட்டாள். போன புரட்டாசியில் ஆலையிலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு நீ சாய்ந்தாய். செய்தி கேட்டதும் டீக்கடையில் ஒருவர், "இனிமேயாவது தண்ணி நல்லாவுதா பாப்போம்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நிஜமாகவே நம்பினார்.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். அஞ்சலை கடைக்கு வந்தாள். எளாவூர் சம்பந்தம் தவறிப்போய், வெகுகாலம் கழித்து இங்கேயே ஓர் ஆலைத் தொழிலாளிக்கு வாழ்க்கைப்பட்டவள். இடுப்பில் பெண் குழந்தை. அதற்குக் காது குத்து, மைக் செட் வேண்டும் என்றாள். பேசிக்கொண்டிருக்கும்போதே வெளியே சூளைக்காரரின் பிரசார ஜீப் போயிற்று. இந்தத் தடவை இன்னும் ஆழமாகக் குழாய் இறக்கித் தருகிறாராம்.

"ஏண்ணே, இன்னும் ஆழமாப் போட்டா நல்ல தண்ணி வருமா?" என்று கேட்டாள்.

அதே கேள்விதான், அவள் அம்மா கேட்டது. குழந்தை என் மேசை மேலிருந்த மைக்கை எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது. வரும்மா என்று சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? உன் அப்பா சொன்ன மாதிரி, அதற்கென்ன செலவு? வாயைத் திறந்தேன். உன் புட்டிகள் அந்த மேசையில் வரிசையாக நிற்கிற மாதிரி இருந்தது.

"வராதும்மா. ஆழமாப் போனா கடல்தான் இன்னும் கிட்ட வரும்."

அஞ்சலை என் வாயையே பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துக் குழந்தையின் தலையை மூடிக்கொண்டு படியிறங்கினாள். ஞாயிற்றுக்கிழமை அவள் தெருவில் பாட்டுச் சத்தம் கேட்டது. செட் பொன்னேரியிலிருந்து வரவழைத்திருந்தாள்.

இன்று திரிந்த பாலைக் கொட்டிவிட்டு, சவரக் கண்ணாடி முன் நின்று நாக்கை நீட்டிப் பார்த்தேன். மேரி சிரித்தாள். புள்ளி ஒன்றும் இல்லை. அஞ்சலையிடம் போய் இதைக் காட்டிவிட்டு வரலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. போகவில்லை. நீ காட்டினாயே, என்ன ஆயிற்று?