நேரே பார்த்து ஒரு படம்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஒரு வரி முடிவதற்குள் அடுப்பை அணைத்தேனா என்று எழுந்து போகிறேன், கதவைப் பார்க்கப் போகிறேன், எதற்கு எழுந்தேன் என்று தெரியாமல் திரும்பி வருகிறேன். போனில் பேசினால் அழுகை முந்திக்கொள்கிறது. அதனால்தான் கடிதம்.

நீ சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன், சரியா என்று பார். மாறுகண் நேராக, கண்ணை அசைக்கிற தசையைக் கொஞ்சம் தள்ளித் தைப்பார்கள். அதில் இரண்டு விதம். ஒன்று, நீ மயக்கத்தில் இருக்கும்போதே முடிச்சை இறுக்கி முடித்துவிடுவது. இன்னொன்று, உருவுகிற முடிச்சாகப் போட்டு வைத்து, நீ விழித்ததும் விளக்கைப் பார்க்கச் சொல்லி, நூலை இழுத்தோ தளர்த்தியோ சரிபார்த்துக் கட்டுவது. விழித்திருக்கும்போது இழுப்பார்களே என்று உனக்குப் பயம். எது வேண்டும் என்று மாதக் கடைசிக்குள் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

நான் வேலை பார்க்கிற தையல் கடை மாஸ்டரிடம் சொன்னேன். "கண்ணுக்கும் ட்ரையல் பாக்குறாங்களா? சட்டைக்கே ட்ரையல் பாக்காம விட்டா மூஞ்சியில எறியுறான்" என்றார். சிரித்துவிட்டேன். உன் அப்பா போன பிறகு நான் இன்றுதான் சிரிக்கிறேன் என்று பொத்தானுக்குக் காஜா எடுக்கிற அக்கா சொன்னாள். உடனே சிரிப்பு நின்றுவிட்டது.

துணி வேறு, உடம்பு வேறு. அதனால் இங்கே கண் ஆஸ்பத்திரி நர்ஸம்மாவிடமும் கேட்டேன். "ரெண்டும் நல்லதுதாம்மா. இதுதான் ஒசத்தின்னு யாரும் அடிச்சுச் சொல்ல மாட்டாங்க. மரத்துப்போக மருந்து ஊத்தித்தான் இழுப்பாங்க, ஆனா ஆடாம இருக்கணும்" என்றாள். என் மனசு இரண்டாவதைத்தான் சொல்கிறது. ஆனால் படுக்கப்போவது நீ. உன் இஷ்டம்.

அத்தை வந்திருந்தாள். "அண்ணன் பார்வை அவகிட்டதானே இருக்கு, அதையும் நேராக்கிட்டா நமக்கு என்ன மிச்சம்?" என்று ஒரே அழுகை. "பஸ்ஸுல முறைச்சுப் பாக்குறேன்னு சண்டைக்கு வர்றது அவகிட்ட, உங்ககிட்ட இல்ல" என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டு போய்விட்டாள். அவள் குடித்த டம்ளரை ரொம்ப நேரம் கழுவிக்கொண்டே இருந்தேன்.

அப்பா படம் பெரிதாக்கி வந்துவிட்டது. அடையாள அட்டைப் படத்தில் மாறுகண்ணான அந்த இடது கண்மேலேயே முத்திரை விழுந்திருந்ததா, ஸ்டுடியோக்காரர் வலது கண்ணைப் பார்த்து நேராக வரைந்துவிட்டார். எல்லாரும் அழகு என்கிறார்கள். எனக்கு யாரோ ஓர் ஆள் சுவரில் நிற்கிற மாதிரி இருக்கிறது. "ஒரு கண்ணால உன்னைப் பாத்துக்குவேன், இன்னொண்ணால பொண்ணு வர்றாளான்னு வாசலைப் பாத்துக்குவேன்" என்பாரே, அந்த மனுஷன் அதில் இல்லை. பழைய படமெல்லாம் தேடினேன். எல்லாவற்றிலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார். நீயும் அப்படித்தான் நிற்பாய்.

பயப்படாமல் செய்துகொள். அவ்வளவு தூரம் வந்து நான் பக்கத்தில் நிற்க வழியில்லை, உன் தோழியைக் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல். நூலை இழுக்கும்போது விளக்கையே பார். எல்லாம் நல்லபடியாக முடியும், நீ யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசுவாய்.

ஒன்று மட்டும் செய். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன்னால் வெளிச்சத்தில் நின்று, முகத்தைத் திருப்பாமல், நேரே பார்த்து ஒரு படம் எடு. அச்சுப் போட்டுத் தபாலில் அனுப்பு. எதற்கு என்று கேட்காதே. சும்மா, அம்மா பார்க்கத்தான்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா