சனிக்கிழமை கூட்டம் என் கடையில்தான்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

எல்லோரும் சுகம் என்று எழுதினால் பாதி பொய்யாகிவிடும். போனில் பேசினால் நீ ‘ம்’, ‘சரி’ என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் தாளை எடுத்தேன். கடைசிவரை படித்துவிடு. பேரனுக்குச் சளி குறைந்ததா? சித்தி அவனை இடுப்பை விட்டு இறக்குவதே இல்லையாமே. நன்றாகக் கெடுக்கட்டும்.

சுகாதார நிலையத்து நர்ஸ் சனிக்கிழமைதோறும் நூலக மாடியில் அம்மாக்களையும் பெண்பிள்ளைகளையும் உட்காரவைத்துப் பேசுவதை உன் தங்கை சொல்லியிருப்பாள். கர்ப்பம் எப்படி உண்டாகிறது, எப்படித் தவிர்ப்பது, பிடிக்காததை வேண்டாமென்று எப்படிச் சொல்வது, எல்லாம் வெளிப்படையாகத்தான். குடியிருப்போர் சங்கத் தலைவருக்கு அது பொறுக்கவில்லை. பிள்ளைகளைக் கெடுக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி மாடியைப் பூட்ட வைத்துவிட்டார். நான் என் தையல் கடையைத் திறந்துவிட்டேன். துணி வெட்டும் மேசையை ஓரம் தள்ளினால் முப்பது பேர் உட்காரலாம்.

அவர் கடை வாசலில் வந்து நின்று, உன் வீட்டு லட்சணம் ஊருக்கே தெரியும், நீ அடுத்தவங்க பிள்ளைக்குப் புத்தி சொல்றியா என்று கேட்டார். ஆமா, அதனாலதான் சொல்றேன் என்றேன். மனுஷர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போனார்.

அன்றைக்குக் கூட்டத்தில் எழுந்து பேசிவிட்டேன். உன்னைக் கேட்காமல் பேசியது தப்புதான். எத்தனை திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். நான் செய்ததை மட்டும்தான் சொன்னேன். ஊரில் யாருக்கு அரை அங்குலம் கூடினாலும் என் கண்ணே சொல்லிவிடும். பெற்ற மகளின் யூனிஃபார்ம் பாவாடையை இரண்டு மாதத்தில் இரண்டு தடவை இடுப்பில் பிரித்துத் தைத்தபோது, நொறுக்குத்தீனியைக் குறைடி என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோத்தேன். நீ மேசைப் பக்கத்திலேயே நின்றாய். என்னவோ சொல்ல வந்தாய். எனக்குத் தெரிந்தது. என்ன பதில் வருமோ என்று பயந்துதான் கேட்கவில்லை. அதற்கு முன்னாலும் பதினாறு வருஷத்தில் ஒரு நாள்கூட இதைப் பற்றி உன்னிடம் வாய் திறந்ததில்லை. இதைச் சொன்னதும் மளிகைக்கடைக்காரர் மனைவி, அடுத்த வாரம் என் பொண்ணையும் கூட்டிட்டு வர்றேன் என்றாள்.

ஆண்பிள்ளைகளைப் பெற்றவர்களும் வரவேண்டும் என்று நர்ஸிடம் பிடிவாதம் பிடித்திருக்கிறேன். உன்னோடு பழகிய அந்தப் பையன் ஒன்றுமே நடக்காத மாதிரி பள்ளிக்கூடம் போய்வருகிறான். நீ மட்டும் என்னத்துக்கு ஒளிந்திருக்க வேண்டும்?

உன் பெரியப்பா போனில் குதிகுதியென்று குதித்தார். குடும்ப மானம் போகிறதாம், கடையை மூடச் சொன்னார். உன் அப்பா வழக்கம்போல் தலையாட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன். சனிக்கிழமை எனக்கு பெஞ்சு தூக்குற வேலை இருக்கு அண்ணே என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

தங்கை இப்போது எதையும் என்னிடம் கேட்கிறாள். சில கேள்விகளுக்குக் காது சிவந்துபோகிறது, இருந்தாலும் பதில் சொல்லிவிடுகிறேன். உனக்குச் சொல்லியிருக்க வேண்டியதையெல்லாம் அவளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நீ சித்தி ஊரில் கம்ப்யூட்டர் படிக்கிறாய் என்று அக்கம்பக்கத்தில் அளந்துவிட்டிருந்தோம். இனி அந்தப் பொய் கிடையாது. தலைமை ஆசிரியையைப் போய்ப் பார்த்தேன். அது வந்து, இது வந்து என்று இழுத்தார். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. பதினொன்றாம் வகுப்பில் உன் இடம் அப்படியே இருக்கிறது. நீ வகுப்பில் இருக்கும் நேரம் பிள்ளை என்னோடு கடையில் இருப்பான்.

பொழுது சாய்ந்து வந்து இறங்காதே. பத்து மணி பஸ்ஸில் வா, கடைவீதி நிறைய ஆள் இருக்கும் நேரம். நிறுத்தத்தில் நிற்பேன். பிள்ளையை நான் தூக்கிக்கொள்கிறேன். நடுத்தெருவிலேயே நடந்து போவோம். யார் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். கோபம் தீரும்வரை நீ என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம். வந்தால் போதும், கண்ணு.

அன்று உன்னை அனுப்பிவைத்த,
அம்மா