பால் வாளித் தகடு

மச்சான்,

மண்ணில் புதைந்த உலோகம் தேடும் நம் குழுவின் வாட்ஸ்அப்பில் பெம்பான்காரர் ஒருவர் இன்று காலை கேட்டிருந்தார்: "மலிவு பின்பாயின்டர் வாங்கலாமா, இல்ல காசு வீணா?" பதில் எழுதுமுன் உன்னுடையதை எடுத்துப் பொத்தானை அழுத்தினேன். மேசை மேல் ஒன்றுமில்லை. அது பாட்டுக்கு ஒருமுறை கத்தி அடங்கியது. நீ போன பிறகு உன் தங்கை எனக்குக் கொடுத்தது இது ஒன்றுதான். கைப்பிடியில் நீ சுற்றிய கறுப்பு டேப் இன்னும் பிசுபிசுக்கிறது.

செர்காம் கடற்கரையில்தான் அதை முதலில் காட்டினாய். பெரிய கருவி இடத்தைச் சொல்லும். குழிக்குள் பொருள் எந்தப் பக்கம் கிடக்கிறது என்று சொல்ல இந்தக் குச்சி. "என்னடா இது, கேரட்டு மாதிரி இருக்கு" என்றேன். "நீ விரலால மண்ணப் பிசைஞ்சுகிட்டே இரு" என்றாய். காய்ந்த மணலில் அது நன்றாகவே உழைத்தது. நான் ஒரு குழியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது நீ அடுத்த குழிக்குப் போய்விடுவாய். உனக்கு வாய்க்கொழுப்பு வேறு.

அப்புறம்தான் புலாவ் செபாங்குக்கு அப்பால் நீ பிறந்த தோட்டத்தை விற்றார்கள். இடுகாடும் போகிறது, சொந்தக்காரர்கள் இடத்தைக் காட்டினால் எலும்பை எடுத்து டவுன் மயானத்தில் புதைத்துக்கொள்ளலாம் என்றார்கள். உன் அம்மாவை அங்கேதான் புதைத்திருந்தார்கள். பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டுகிறவர் இறந்தால், அவருடைய பால் வாளியையே வெட்டித் தகடாக்கி, ஆணியால் பெயரைக் குத்தி, கட்டையில் அடித்து நடுவது உங்கள் தோட்டத்து வழக்கம். கட்டைகளைக் கறையான் தின்றுவிட்டது. அலுமினியத் தகடுகள் மட்டும் மண்ணுக்குள் கிடந்தன. எல்லாருக்கும் அதே வாளி, அதே தகடு.

நாம் கருவியோடு தேடிய கடைசி நாள் சாயங்காலம் மழை விட்டிருந்தது. கிழிந்த தகட்டுத் துண்டு ஒன்று உன் கையில் வந்தது. அதில் பெயர் இல்லை. மீதித் துண்டில் இருக்கும் என்று குச்சியை விட்டுத் தேடினாய். எங்கே குத்தினாலும் கத்தியது. ஈரச் செம்மண்ணைக் கண்டால் அதற்குப் பேய் பிடித்துவிடும்.

"பாரு மச்சான், வெறும் மண்ணுக்கே கத்துது. இத நம்பியா எடுக்கப் போற?" என்றேன்.

நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. "நாளைக்கு மண்ணத் தள்ளுற மெஷின் வருதுலா. வெறுங்கையோட போயி தங்கச்சிகிட்ட என்ன சொல்லுவேன்? இதான்டா. அம்மாதான்."

எலும்பைப் பானையில் எடுத்தார்கள். டவுன் மயானத்தில் உன் தங்கை "அம்மா" என்று அழுத அழுகையைக் கேட்டபின் எனக்கு வாய் திறக்க மனம் வரவில்லை. வருடம் தவறாமல் அங்கே மல்லிகை வைத்தீர்கள். பிறகு உனக்கும் பக்கத்திலேயே இடம் வந்தது.

தோட்டத்தில் பாதி நிலத்தைத் தள்ளியதோடு வேலை நின்றுவிட்டது. போன வாரம் உன் குச்சியோடு தனியாகப் போனேன். உன்னோடு போனது போல் இருக்குமே என்றுதான் போனேன், வேறு காரணமில்லை. இடுகாட்டில் மெஷின் தொடாத வாய்க்கால் ஓரத்து மூலையில் நாம் தேடிய நாட்களில் தண்ணீர் நின்றது. இப்போது வெயிலில் வெடித்துக் கிடந்தது. அங்கே குச்சி ஒரே இடத்தில் மட்டும் கத்தியது. விரல் ஆழத்தில் முழுத் தகடு. அஞ்சலை என்று உன் அம்மாவின் பெயர் குத்தியிருந்தது, கீழே உன் அப்பாவின் பெயர்.

பெம்பான்காரருக்கு இப்படி எழுதினேன்: "காய்ந்த மண்ணில் தேட வாங்கலாம். ஈரச் செம்மண்ணில் அது சொல்வதை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள்."

நேற்று மயானத்தில் உன் தங்கையிடம் தகட்டைக் கொடுத்தேன். அவள் அதிரவில்லை.

"அண்ணன் ஆஸ்பத்திரியிலயே சொல்லிருச்சுண்ணே. 'அது அம்மாவான்னு எனக்கே தெரியாது, ஆனா பூ வைக்கிறத நிறுத்திறாத'ன்னு."

என்னிடம் சொல்லாமல் போனாயே என்று கோபம் வந்தது. இத்தனை நாள் அதை நீயும் தனியாகத்தான் சுமந்தாயா?

அவள் எழுத்துகளை விரலால் தடவினாள். பிறகு பூ வைத்திருந்த சமாதியைப் பார்த்தாள். "அப்ப இவங்க யாருண்ணே?"

அவள் மல்லிகைச் சரத்தை இரண்டாக அறுத்து, ஒரு பாதியை அங்கேயே வைத்தாள். மறுபாதியை எடுத்துக்கொண்டு காரில் ஏறினாள்.

தோட்டத்தில் புது வேலி போட்டிருந்தார்கள். மறுபடியும் வேலை தொடங்கப் போகிறதாம். காவலாளி உள்ளே விடவில்லை. வாய்க்கால் பக்கம் பார்த்தபடி அவள் பூவை வேலிக் கம்பியில் கட்டினாள்.

திங்கட்கிழமை தோட்டத்தை வாங்கியவர்களின் ஆபீசுக்குத் தகட்டோடு போய், அம்மாவின் எலும்பை எடுக்க விடச் சொல்லிக் கேட்கப் போகிறேன். உனக்குக் கிடைக்காத சாட்சி என் கையில் இருக்கிறது. இருந்தும் மெஷின் முந்திக்கொண்டால் உன் தங்கை முகத்தில் எப்படி விழிப்பேன் என்ற பயத்தோடுதான் இருக்கிறேன், மச்சான். அன்றைக்கு உனக்கு இருந்த அதே பயம்.