பிறர் கைக்குக் கிளம்பாத வண்டி

இன்று காலை உன் காரின் கதவைத் திறந்ததும் சுக்கும் மிளகும் மணத்தன. எட்டு மாதமாக உறை போட்டு மூடிக் கிடந்த வண்டிக்குள் கோயில் இட்லி வாசனை எப்படி வந்தது என்று கேட்காதே. சீட்டுக்கு அடியில் காய்ந்த மந்தாரை இலை ஒன்று கிடந்தது. சாப்பிட்ட இலையைச் சீட்டுக்கு அடியில் தள்ளுகிற பழக்கத்தை நீ கடைசி வரைக்கும் விடவில்லை.

முசரவாக்கம் பள்ளியில் பாடம் நடத்த நாம் இருவரும் பஸ்ஸில் போய் வந்த காலம் நினைவிருக்கிறதா? பஸ் சலித்துத்தான் நீ இந்தப் பழைய வெள்ளைக் காரை வாங்கினாய். உன் சம்பளத்தில் வாங்கியது. ஆனால் உன் மாமியார் வீட்டில் மூன்று மகன்கள், மூன்று மருமகள்கள், ஒரே அடுப்பு. வண்டி வந்த வாரமே அது பொதுச்சொத்து ஆகிவிட்டது. ஆரணிக்குப் பெண் பார்க்கப் போகும், செங்கல்பட்டுக்கு வளைகாப்புக்குப் போகும். நாம் மறுபடியும் பஸ் நிறுத்தத்தில் நிற்போம். திரும்பி வரும்போது டாங்கில் பெட்ரோல் இருக்காது, சீட்டில் குங்குமம் இருக்கும்.

அப்புறம்தான் அந்தப் புண்ணியம் கட்டிக்கொண்ட இக்னிஷன் சுவிட்ச் கெட்டது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மெக்கானிக் பார்த்துவிட்டு, உள்ளே தேய்ந்திருக்கிறது, புதுசு போட அரை நாள் ஆகும் என்றார். அதுவரைக்கும் சமாளிக்க வழியும் காட்டினார். சாவியை ஒரு நூல் அளவு வெளியே இழுத்து, மேல் பக்கமாக அழுத்திக்கொண்டு திருப்ப வேண்டும். நீ இரண்டு தரம் செய்து பார்த்தாய், இரண்டு தரமும் கிளம்பியது. நான் வழக்கம்போலத் திருப்பினேன், கிளம்பவில்லை. உன் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"புதுசு வேணாம்பா," என்றாய் அவரிடம். "இதுவே நல்லாத்தான் இருக்குது."

அதற்கப்புறம் யார் வந்து சாவி கேட்டாலும் சிரித்த முகமாக எடுத்துக் கொடுத்தாய். ஒரு முகூர்த்த நாளில் உன் பெரிய கொழுந்தனார் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு அரை மணி நேரம் சாவியைத் திருகினார். உன் வீட்டுக்காரரும் வந்து திருகிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கிவிட்டு உள்ளே போய்விட்டார். நீ மோர் கொண்டுபோய் நீட்டி, பாவம், வேர்த்துக் கொட்டுகிறதே என்று உச்சுக்கொட்டினாய். மறுநாள் பள்ளிக்குப் போகும் வழியெல்லாம் நாம் சிரித்த சிரிப்பு! "நான் யாருக்கும் இல்லன்னு சொல்லலையே. ஓட்டிக்கினு போங்கன்னுதானே சாவியைக் குடுத்தேன்," என்றாய். கேட்டதற்கு இல்லை என்று சொல்லாத மருமகள் என்று தெருவெல்லாம் உனக்குப் பேர்.

சனிக்கிழமை அரைநாள் பள்ளி முடிந்ததும் திருப்புட்குழிக் குளத்தோரம் வண்டியை நிறுத்துவோம். கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஒரு மணி நேரம் சும்மா இருப்போம். பல நாள் நீ பேசக்கூட மாட்டாய், செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாய். வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் உனக்கென்று இருந்தது. அதற்காகவே பதினோரு வருஷம் அந்தச் சுவிட்சை மாற்றாமல் வைத்திருந்தாய்.

இன்று உன் கொழுந்தனார்கள் இருவரும் காயலாங்கடைக்காரர் ஒருவரை அழைத்து வந்திருந்தார்கள். ஓடாத வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது அவர்கள் கணக்கு. டீச்சர் ஒரு தரம் பார்க்கட்டும் என்று சொல்லி உன் வீட்டுக்காரர்தான் எனக்குப் போன் செய்தார். நான் சீட்டில் உட்கார்ந்தேன். கிளப்பினால் உன் குட்டு உடைந்துவிடும், உன் நல்ல பேரும் போய்விடும். கிளப்பாவிட்டால் உன் வண்டியை உடைத்து இரும்பாக்கிவிடுவார்கள். உன் குட்டை உடைக்க எனக்கு மனசு வரவில்லை. நேராகத் திருப்பினேன். 'டிக்' என்றது.

"நான்தான் சொன்னேனே, அது அண்ணி கைக்குத்தான் ஓடும்," என்றார் பெரிய கொழுந்தனார்.

உன் வீட்டுக்காரர் தம்பிகளிடம், வந்தவருக்கு டீ வாங்கிக் கொடுங்கள் என்று சொல்லி மூவரையும் தெருமுனைக்கு அனுப்பினார். பிறகு வந்து என் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒரு நூல் இழுத்து, மேல அழுத்திக்கினு திருப்புங்க டீச்சர்."

வண்டி கிளம்பியது. பேட்டரிக்கு நேற்றே சார்ஜ் போட்டு வைத்திருக்கிறார் மனுஷர். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"கெட்டுப்போன மறுமாசமே மெக்கானிக் சொல்லிட்டாருமா. சனிக்கிழமையானா அவ முகமே வேற மாதிரி இருக்கும். தம்பிங்களுக்குத் தெரிஞ்சா அது போயிடும். அதான் எனக்கும் ஓடலன்னு சொல்லிக்கினு இருந்தேன்."

தம்பிகள் திரும்பி வந்தபோது, வண்டி டீச்சர் கைக்கும் ஓடுகிறது, அவங்களே வைத்துக்கொள்ளட்டும் என்று மட்டும் சொன்னார். காயலாங்கடைக்காரர் டீ குடித்த லாபத்தோடு போனார்.

நான் நேரே திருப்புட்குழிக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். குளத்தோரம் இருந்துதான் எழுதுகிறேன். உன் வீட்டுக்காரரைப் பற்றி இந்த வண்டிக்குள் நீ என்னிடம் சொன்ன குறைகள் அத்தனையும் என்னிடம்தான் இருக்கின்றன, ஒன்றையும் மறக்கவில்லை. அவற்றில் பாதியை இன்று தள்ளுபடி செய்துவிட்டேன். நீ இருந்திருந்தால் மீதியையும் செய்திருப்பாய்.