சட்டசபையில் பன்றி மசோதா

ஜனவரி 22, வியாழன்

காலையில் காரைக்குடி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் பேப்பரின் தலைப்பை மட்டும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். காட்டுப்பன்றியைச் சுட விவசாயிக்கு உரிமை தரும் மசோதா சட்டசபைக்கு வந்திருக்கிறதாம். முழுச் செய்தியையும் பள்ளி நூலகத்தில்தான் படித்தேன். சாயங்காலம் திரும்பினால், அப்பா லைசென்ஸ் துப்பாக்கியைத் துடைத்து, கடலைக்காட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"அதான் சட்டம் வந்துருச்சுல்ல," என்றார்.

"இல்லப்பா, தாக்கல்தான் பண்ணிருக்காக. இனி விவாதம் இருக்கு, ஓட்டெடுப்பு இருக்கு, அப்புறம் ஆளுநர் கையெழுத்துப் போடணும்."

"இதெல்லாம் பன்னிக்குத் தெரியுமா?"

"போலீசுக்குத் தெரியும்ல. சுட்டுப்புட்டு உள்ள போய் உக்காரப் போறீகளா?" என்றாள் அம்மா.

அப்பா துப்பாக்கியை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, டார்ச்சையும் தட்டி விரட்ட ஒரு தகர டின்னையும் எடுத்துக்கொண்டு போனார். மூன்று வாரமாகப் பன்றிக்குக் காவலிருந்து சரியாகத் தூங்காததில் கண்கள் சிவந்திருந்தன. காலையில் நான் செய்தியைக் கடைசி வரைக்கும் வாசித்திருக்க வேண்டும்.

சபையை ஒரு மாதத்துக்கு ஒத்திவைத்துவிட்டார்கள் என்று அந்தச் செய்தியின் முடிவில் இருந்தது. கடலை பிடுங்க இன்னும் இருபது நாள்தான். சபை ஒத்திவைத்ததை மட்டும் நான் அப்பாவிடம் சொல்லவில்லை.