சத்தம் போடாத ஷூ

என்னங்க,

சாப்பாடு அடுப்படியில் மூடி வைத்திருக்கிறேன்.

"மத்தியானம் ஷூவோட கீச்சு கீச்சுன்னு நடந்து என் தூக்கத்தக் கெடுக்கிறே" என்று மூன்று நாளாக எரிந்து விழுகிறீர்கள். ரோஷம் வந்து, நேற்று டியூட்டி முடிந்து கால் வீங்கியிருக்கும்போதே அளவு பார்த்து, சத்தம் போடாத ஷூ வாங்கிவிட்டேன். பழையதைத் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டாயிற்று.

இப்போதுதான் உறைக்கிறது. மத்தியானம் நான் வார்டில் அல்லவா இருக்கிறேன்? நைட் டியூட்டி பார்த்துவிட்டு வந்து தூங்கும் உங்களைத் தவிர வீட்டில் யாருமில்லையே!

பி.கு.: சாப்பாடு கிடக்கட்டும். இங்கே படுக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள். பழைய ஷூ படுக்கையறை வாசலில், கதவைப் பார்த்தபடி நிற்கிறது. உள்ளே கைவிட்டுப் பார்த்தேன். இப்போதுதான் கழற்றியதுபோல் வெதுவெதுவென்று இருக்கிறது.